வண்டி இல்லாமல் ஜோபர்க்கில் ஆறு நாள்

முதல் நாள், வெள்ளி: விமான நிலையம் முதல் ரோஸ்பேங்க் வரை

ஜோபர்க் என்று சுருக்கிச் சொல்லும் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சியின் பரப்பு 1,645 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. கிட்டத்தட்ட நாலு சென்னையைப் பரப்பி வைத்து, இடையில் ஆறுவழிச் சாலைகளை இழுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. கார் வைத்திருப்பவர்களுக்காகவே கட்டிய ஊர். இங்கே வேலைக்கு வந்து குடியிருக்கும் தமிழர்கள் யாரைக் கேட்டாலும் "கார் எடுத்துக்கோங்க, இல்லேன்னா ரொம்பக் கஷ்டம்" என்பார்கள். அது பாதி உண்மை. கார் இல்லாமலும் சுற்றலாம், ஆனால் ஒவ்வொரு பயணத்தையும் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். ரயிலோ பஸ்ஸோ விட்டு இறங்கிய இடத்திலிருந்து பார்க்க வேண்டிய இடத்துக்கு எப்படிப் போவது? அங்கிருந்து எத்தனை மணிக்கு, எதில் திரும்புவது? நடுவே கிடக்கும் முப்பது கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் பணமும் போகும், பொழுதும் போகும்.

வெளியே வருவதற்கு முன் இரண்டு வேலை. முதலாவது சிம் கார்டு. இங்கே பாஸ்போர்ட் காட்டிப் பதிவு செய்யாமல் சிம் ஓடாது. அதை வருகைக் கூடத்துக் கடையிலேயே முடித்துவிடுங்கள். போனில் டேட்டா இல்லாமல் இந்த ஊரில் ஓர் அடி வைக்க முடியாது. இரண்டாவது, கட்டிடத்துக்குள் இருக்கும் ஏடிஎம்மில் கொஞ்சம் ராண்டு எடுப்பது. 100, 200 தாள்களோடு நிற்காமல், ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறையாக்கிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை அது தேவைப்படும். பளபளக்கும் மேல்சட்டை போட்டுக்கொண்டு "டாக்சி வேண்டுமா, பெட்டியைத் தூக்கட்டுமா" என்று வருபவர்களுக்கு ஒரு "நோ தேங்க்ஸ்" போதும். நின்று பேச்சுக் கொடுத்தால் கூடவே வருவார்கள்.

ரயில் நிலையம் விமான நிலையக் கட்டிடத்தை ஒட்டி மேல்தளத்தில் இருக்கிறது. பலகைகளைப் பார்த்து மேலே ஏறுங்கள். ரயிலின் பெயர் கௌட்ரெயின். உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேர் ஹௌட்ரெயின் என்பார்கள், குழம்ப வேண்டாம். இந்தப் பாதை திறந்தது 2010 ஜூன் 8 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்க மூன்று நாள் இருக்கும்போது. மணிக்கு 160 கிலோமீட்டர் வரை ஓடும். ஊரின் வடக்கே இருக்கும் வணிகப் பகுதியான சாண்ட்டனுக்குப் பதினைந்து நிமிடம்.

நம் வங்கியின் விசா, மாஸ்டர்கார்டு அட்டையில் தொட்டுச் செலுத்தும் வசதி இருந்தால் அதையே கதவில் தொட்டு உள்ளே போகலாம். வெளிநாட்டில் தொட்டுச் செலுத்துவதைப் பல இந்திய வங்கிகள் அணைத்தே வைத்திருக்கும். புறப்படுமுன் வங்கியின் ஆப்பில் அதைத் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் ரயிலுக்கென்றே இருக்கும் கார்டை இயந்திரத்தில் வாங்கிப் பணம் ஏற்ற வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை தேவை. கணவர் தொட்டுவிட்டு அதே அட்டையை மனைவிக்கு நீட்டினால் கதவு திறக்காது. ஏறும்போது தொட்ட அட்டையைத்தான் இறங்கும்போதும் தொட வேண்டும். ஏறும்போது போனையும் இறங்கும்போது பர்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் அட்டையையும் காட்டினால், ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு பயணிகள். இரண்டு அரைகுறைப் பயணம் என்று கணக்கு வைத்துப் பணத்தைப் பிடிக்கும்.

விமான நிலையத்துக்கு மட்டும் கட்டணம் தனி. ஒருவருக்கு 200 ராண்டைத் தாண்டும். தனி ஆளுக்கோ இருவருக்கோ அது சரி. நாலு பேர் குடும்பமென்றால் 800-க்கு மேல் போய்விடும். ஆப்பில் கூப்பிடும் வண்டி, நாம் தங்கப்போகும் ரோஸ்பேங்க் வரைக்கும் அதில் பாதியை ஒட்டித்தான் வரும். அப்போது ரயிலை விட்டுவிடுங்கள். இரவில் இறங்குபவர்களுக்கும் இதே யோசனைதான், ஏனென்றால் ஒன்பது மணியை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும்.

விமான நிலைய ரயில் சாண்ட்டனோடு நின்றுவிடும். ரோஸ்பேங்க் போக அங்கே இறங்கித் தெற்கே பார்க் ஸ்டேஷன் நோக்கிப் போகும் ரயிலுக்கு மாற வேண்டும். நடைமேடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் பெரிய பெட்டிக்கு லிஃப்ட்டைத் தேடுங்கள். ரயில் பெட்டிக்குள் தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி இல்லை. சூயிங்கம் மென்றாலும் காவலர் வந்து நிற்பார்.

தங்குவதற்கு ஏன் ரோஸ்பேங்க்? சாண்ட்டன் பணக்கார இடம்தான், ஆனால் சாலைகள் அகலம், கடைக்கும் ஓட்டலுக்கும் நடுவே நடப்பது சலிப்பு. ரோஸ்பேங்கில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கடைத்தெரு, சாப்பாடு, மருந்துக்கடை, பணம் எடுக்கும் இடம். பத்து நிமிட நடையில் எல்லாம் முடியும். ஜோபர்க்கில் இப்படி நடந்து திரியக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்றைக்கு இவ்வளவு போதும். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெட்டியோடு படியேறினால் மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம்.

இரண்டாம் நாள், சனி: கோட்டைச் சிறை, கல்லறை, ஃபோர்ட்ஸ்பர்க்

வார இறுதியில் ரயிலுக்கு ரயில் இடைவெளி அதிகம், ஏறக்குறைய அரை மணி. ரயிலோடு இணைந்த பஸ்கள் பெரும்பாலும் வேலை நாளுக்கு மட்டும். அதனால் இன்று ரயிலும் ஆப் வண்டியும்தான்.

ரோஸ்பேங்கிலிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் பார்க் ஸ்டேஷன் என்ற பெயரில் அங்கே இரண்டு நிலையங்கள் ஒட்டி இருக்கின்றன. பழைய ரயில்களும் வெளியூர்ப் பஸ்களும் வருவது பெரிய கூடம். கௌட்ரெயின் நிலையம் பூமிக்கடியில் தனியாக இருக்கிறது. தண்டவாளமே வேறு. ஆப்பில் வண்டி கூப்பிடும்போது வெறுமனே "பார்க் ஸ்டேஷன்" என்று போட்டால் டிரைவர் பெரிய கூடத்து வாசலில் காத்திருப்பார், நீங்கள் இந்தப் பக்கம் நிற்பீர்கள். கௌட்ரெயின் என்று சேர்த்தே போடுங்கள்.

வண்டி வரும்வரை நிலையத்துக்குள்ளேயே நில்லுங்கள். முன்பு சில நிலையங்களின் வாசலில் மீட்டர் டாக்சிக்காரர்களுக்கும் ஆப் வண்டிக்காரர்களுக்கும் அடிதடிகூட நடந்திருக்கிறது. அதனால் சில டிரைவர்கள் வாசலுக்கு வராமல் அடுத்த முனைக்கு வரச் சொல்வார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான், ஆனால் பழக்கமில்லாத தெருவில் பையோடு நடக்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. அந்தப் பயணத்தை ரத்து செய்து வேறு வண்டியைக் கூப்பிடுங்கள். வண்டி வந்ததும் எண் பலகையைப் பாருங்கள் (இந்த மாகாணத்து எண்கள் ஜி.பி. என்று முடியும்). டிரைவர் உங்கள் பெயரைச் சொன்ன பிறகு ஏறுங்கள்.

கான்ஸ்டிட்யூஷன் ஹில் பார்க் ஸ்டேஷனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் மேடு. பகலில் நடப்பவர்கள் உண்டு. புதிதாக வந்தவர்கள் நடக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். நாற்பது, ஐம்பது ராண்டு மிச்சம் பிடிப்பதற்கு அது தகுந்த தெரு இல்லை. உள்ளே போய்விட்டால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய கோட்டை, நம்பர் ஃபோர் என்ற சிறை, பெண்கள் சிறை, அரசியல் சாசன நீதிமன்றம் எல்லாம் ஒரே வளாகம். இடித்த சிறைப்பகுதியின் செங்கற்களை எடுத்தே நீதிமன்றச் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். காந்தி 1908-இல் அடைபட்டது இங்கேதான். அவரோடு கைதானவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். மொரீஷியஸில் பிறந்து இங்கே வந்த தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர்.

அங்கிருந்து பிராம்ஃபான்டைன் கல்லறைக்கு வண்டி எடுங்கள். சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் கட்டிடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர் இருக்கிறதே, அந்த வள்ளியம்மை கிடப்பது இந்த மண்ணில். பிறந்தது 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி பெற்றோரின் ஊர், அவள் பார்த்ததே இல்லை. காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து, நேட்டாலில் சிறையிருந்து காய்ச்சலோடு திரும்பி 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது பதினாறு. 1909-இல் அதே போராட்டத்தில் சிறைப்பட்டு, குளிரில் வேலை வாங்கப்பட்டு நிமோனியாவில் இறந்த நாகப்பனுக்கும் அவளுக்கும் 1914 ஜூலை 15 அன்று, கப்பல் ஏறுவதற்குச் சில நாள் முன்பு, காந்தி இங்கே வந்து நினைவுக்கல் திறந்து வைத்தார்.

கண்டுபிடிப்பது சுலபமில்லை. மரங்கள் அடர்ந்த பெரிய இடம், பாதி வரிசைகளில் பெயர் அழிந்துவிட்டது. வாசலில் தமிழ் உச்சரிப்பில் கேட்டால் புரியாது. "வலியாம்மா, காந்தி மெமோரியல்" என்று கேளுங்கள். சனிக்கிழமை அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள் என்று நம்ப வேண்டாம், காவலாளியிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் எனோக் சொன்டோங்காவின் கல்லறையை முதலில் கேட்டுப் போங்கள். நாட்டுப்பண்ணின் முதல் பாதியை இயற்றியவர், அவர் இடம் எல்லாருக்கும் தெரியும். அதை அடையாளமாக வைத்துக்கொண்டு இந்துக்கள் பகுதியைத் தேடலாம். பூ வாங்க அக்கம்பக்கத்தில் கடை இல்லை, ரோஸ்பேங்கிலேயே வாங்கி வந்துவிடுங்கள். முக்கியமாக, வந்த வண்டியை அனுப்பிவிடாதீர்கள். இருபது நிமிடம் காத்திருக்கும்படி டிரைவரிடம் பேசி, ஒரு தொகையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கல்லறை வாசலில் நின்று போனை வெளியே எடுத்து வண்டி கூப்பிடும் நிலை வேண்டாம்.

ஃபோர்ட்ஸ்பர்க் அங்கிருந்து பக்கம். போகும் வழியில் ஹமீதியா மசூதி. 1908 ஆகஸ்ட் 16 அன்று இந்தியர்களுக்கென்று கொடுத்த பதிவுச் சீட்டுகள் இரண்டாயிரத்துக்கும் மேல் ஒரு மூன்றுகால் கொப்பரையில் போட்டு எதிர்ப்பாக எரித்த இடம். வெளியே நினைவுச் சின்னம் இருக்கிறது, ஐந்து நிமிடம் போதும். ஓரியண்டல் பிளாசா சனிக்கிழமை பிற்பகலிலேயே கதவைச் சாத்தத் தொடங்கும், ஞாயிறு கிடையாது, வெள்ளி நண்பகல் தொழுகைக்கு மூடுவார்கள். இதனால்தான் இந்த வழியைச் சனி காலையில் தொடங்கச் சொல்வது. துணி, மசாலா, பாத்திரம் எல்லாம் ஒரே கூரையில். சமோசாவை இங்கே "சமூசா" என்பார்கள், உள்ளங்கையில் நாலு அடங்கும்.

திரும்புவது வண்டியில், நேராக ரோஸ்பேங்குக்கு. மறுபடி பார்க் ஸ்டேஷன் போய் ரயில் பிடிப்பதில் லாபமில்லை. பொழுது சாயுமுன் கிளம்புங்கள். ஜூனில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். டிசம்பரில் ஏழு வரை வெளிச்சம் உண்டு, ஆனால் அந்தக் கோடையில் பிற்பகல் மூன்று, நாலு மணிக்கு இடி மழை இறங்கும், சில நாள் ஆலங்கட்டியோடு. மழை தொடங்கிய நிமிடமே ஆப்பில் வாடகை ஏறும். மேகம் கறுக்கும்போதே கூப்பிட்டுவிட வேண்டும்.

மூன்றாம் நாள், ஞாயிறு: மெல்ரோஸ் கோயில்

சின்ன நாள். மெல்ரோஸ் சிவசுப்பிரமணியர் கோயில் ரோஸ்பேங்கிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள்தான். தைப்பூசக் காவடி இங்கே பெரிது. தென்னாப்பிரிக்கக் கோயில்கள் நம் ஊர்போல நாள் முழுக்கத் திறந்திருப்பதில்லை. பூசை நேரத்துக்குத் திறப்பார்கள், பிறகு பூட்டிவிடுவார்கள். ஞாயிறு காலை நிச்சயம், மற்ற நாளில் விசாரித்துப் போக வேண்டும்.

நீங்கள் தமிழில் பேசினால் சிரிப்பார்கள், பதில் ஆங்கிலத்தில் வரும். பெரும்பாலான குடும்பங்களில் பேச்சுத்தமிழ் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு அட்சரம் பிசகாமல் பாடுவார்கள். வயதானவர்களை ஆண்ட்டி, அங்கிள் என்றே கூப்பிடுங்கள். கடைப்பலகையில் மூட்லி என்று இருந்தால் முதலியார், கவெண்டர் என்றால் கவுண்டர். புரட்டாசியில் வந்தால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை, அந்த மாதம் முழுக்கப் பல வீடுகளில் கவிச்சி கிடையாது, கடைகளும் அதற்கேற்பச் சமைக்கும்.

மத்தியானம் ரோஸ்பேங்க் ஞாயிறு சந்தை. நடந்தே போகலாம்.

நான்காம் நாள், திங்கள்: பிரிட்டோரியா

அருங்காட்சியகங்கள் பல திங்களன்று மூடியிருக்கும். அதனால் இன்று பிரிட்டோரியா. ரோஸ்பேங்கிலிருந்து ரயிலில் அரை மணிக்குக் கொஞ்சம் மேல். காலை ஆறிலிருந்து எட்டரை வரை ஆபீஸ் கூட்டம், கட்டணமும் அந்த நேரத்தில் அதிகம். ஒன்பதுக்கு மேல் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும்.

யூனியன் பில்டிங்ஸுக்கு பிரிட்டோரியா நிலையத்தைவிட அடுத்த நிலையமான ஹாட்ஃபீல்டில் இறங்குவது நல்லது. அங்கே வண்டி எளிதாகக் கிடைக்கும், காத்திருக்கும் இடமும் அமைதி. 1913-இல் கட்டி முடித்த அரசு மாளிகை. உள்ளே விடமாட்டார்கள், தோட்டம் மட்டும்தான். கீழே ஒன்பது மீட்டர் உயர மண்டேலா சிலை கையை விரித்து நிற்கிறது. அக்டோபர் கடைசியில் வந்தால் ஊர் முழுக்க ஜக்கராண்டா ஊதா.

மராபஸ்தாட் மாரியம்மன் கோயிலைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பஸ் நிலையமும் டாக்சி நிறுத்தமும் தள்ளுவண்டிக் கடைகளும் நெருக்கும் நடுவே கோபுரம் எழுந்து நிற்கும். இனப்பிரிவினைச் சட்டத்தில் இங்கிருந்த இந்தியர்களை லாடியம் என்ற தனி இந்தியர் பகுதிக்கு விரட்டினார்கள், கோயில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. நிலையத்திலிருந்து நடக்க வேண்டாம். வண்டியில் கோயில் வாசலிலேயே இறங்குங்கள், கதவு பூட்டியிருந்தால் இறங்காமலே திரும்பிவிடலாம். அதற்காகத்தான் டிரைவரை அனுப்பாமல் இருக்கச் சொல்வது.

ஐந்தாம் நாள், செவ்வாய்: சொவேட்டோ, போகும்போது பஸ், வரும்போது டாக்சி

ரியா வாயா என்றால் "நாங்கள் போகிறோம்". 2009 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய பஸ். சாலை நடுவே தனிப் பாதை, தனி நிலையம், ரயில்மாதிரி உயர்ந்த மேடை. இங்கே இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள், நிலையம் நடுவில் இருப்பதால் பெரிய பஸ்களின் கதவு வலப்பக்கம் திறக்கும். பழக்கத்தில் இடப்பக்கம் நின்றுகொண்டு இறங்கும் இடத்தைத் தவறவிடுவது புதியவர்கள் எல்லாருக்கும் நடப்பது.

வழித்தடப் பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். டி (T) என்றால் முதன்மைப் பாதை, சி என்றால் அதோடு சேரும் பாதை, எஃப் என்றால் சொவேட்டோவுக்குள் சுற்றும் சிறிய பஸ். உங்களுக்கு வேண்டியது டி1. முன்பலகையில் தொக்கோசா பார்க் என்று இருந்தால் சொவேட்டோவுக்கு, எல்லிஸ் பார்க் என்றால் எதிர்த்திசை. பணம் வாங்கமாட்டார்கள், அட்டைதான், அதுவும் தொட்டு ஏறித் தொட்டு இறங்குவது. தூரத்துக்கேற்பக் கட்டணம். அட்டையை நிலையக் கவுன்டரில் வாங்கிப் பணம் ஏற்றுங்கள். கவுன்டரில் ஆளில்லாத நிலையமும் உண்டு, அப்படியானால் அடுத்த நிலையம் வரை நடக்க நேரிடும். அதற்கும் சேர்த்து அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள்.

ஆர்லண்டோ ஸ்டேடியம் நிலையம் தாண்டியதும் தயாராகுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "விலகாசி ஸ்ட்ரீட்" என்று சொல்லிவைத்தால் இறங்கும் இடத்தில் தோளைத் தட்டுவார்கள். ஒரே தெருவில் மண்டேலா வீடு, டுட்டு வீடு. பத்து நிமிட நடையில் 1976 ஜூன் 16 மாணவர் எழுச்சியின் நினைவாக எழுப்பிய ஹெக்டர் பீட்டர்சன் அருங்காட்சியகம். பகலில் இந்தப் பகுதியில் நடக்கலாம், கூட்டமும் உண்டு, சாப்பாடும் உண்டு.

இனி டாக்சி. இந்த ஊரில் டாக்சி என்றால் வெள்ளை வேன், நம் ஷேர் ஆட்டோவின் அண்ணன். டிரைவரோடு பதினாறு பேர்: முன்னால் டிரைவர் பக்கத்தில் இரண்டு, அப்புறம் மூன்று மூன்றாக மூன்று வரிசை, கடைசியில் நாலு. நிறையும்வரை கிளம்பாது. பலகை கிடையாது. போகும் இடத்தைக் கைதான் சொல்லும். ஆள்காட்டி விரலை வானத்தைப் பார்த்துக் காட்டினால் டவுனுக்கு. அதே விரலைக் கீழே காட்டினால் பக்கத்துத் தெருக்களுக்கு. ஆரஞ்சுப் பழத்தைப் பிடித்திருப்பதுபோல உள்ளங்கையைக் குவித்தால் ஆரஞ்ச் ஃபார்ம். ஒவ்வோர் ஊருக்கும் ஒன்று.

ஏறும்போது "சனிபோனானி" என்று பொதுவாக ஒரு வணக்கம். பெரியவர்கள் பதில் சொல்வார்கள். முன் இருக்கை காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள். காற்றோட்டமும் காட்சியும் உண்டு, ஆனால் அது கண்டக்டர் இருக்கை. வண்டி கிளம்பியதும் பணம் பின்னாலிருந்து முன்னால் வரும், அதை எண்ணிச் சில்லறை கொடுப்பது முன்னால் இருப்பவரின் கடமை, யாரும் கேட்டு ஒப்படைப்பதில்லை. கட்டணம் 17 ராண்டு என்று வையுங்கள். கடைசி வரிசை நாலு பேருக்கு 68. ஒருவர் 100 தாள், மூன்று பேர் ஆளுக்கு 20. கையில் வந்தது 160, திரும்பக் கொடுக்க வேண்டியது 92: நூறு கொடுத்தவருக்கு 83, மற்றவர்களுக்கு மூன்று மூன்று. கையில் இன்னும் ஐந்து ராண்டு நாணயம்கூடச் சேரவில்லை, அதற்குள் அடுத்த வரிசை "மூன்று பேர்" என்று 60 நீட்டும். 51 போக ஒன்பது. வேன் 80-இல் போய்க்கொண்டிருக்கும், பாட்டு முழங்கும், பின்னாலிருந்து "சேஞ்ச்" என்று குரல் வரும். பழகியவர்கள் நூறு தாளைக் கடைசிவரை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற வரிசைகளின் சில்லறை சேர்ந்த பிறகே தீர்ப்பார்கள். இரண்டாம் வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்து, சரியான சில்லறையை முன்னால் இருப்பவர் தோளைத் தட்டிக் கொடுத்து "ஒன்" என்று சொல்லிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. முதல் நாள் சில்லறை மாற்றச் சொன்னது இதற்குத்தான்.

இறங்குவதற்கு மணி இல்லை. வாய்தான். "ஆஃப்டர் ரோபாட்" என்றால் சிக்னல் தாண்டி நிறுத்து. இங்கே சிக்னலுக்குப் பெயர் ரோபாட். "ஷார்ட் லெஃப்ட்" என்றால் இடது திரும்பியதும் நிறுத்து. மெதுவாகச் சொன்னால் டிரைவர் காதில் விழாது. மின்சாரம் போய் ரோபாட் அணைந்திருந்தால் எந்தப் பயணத்துக்கும் இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும் என்பது விதி.

சொவேட்டோவிலிருந்து டவுன் டாக்சி, "பாரா" என்று சுருக்கிச் சொல்லும் பாரக்வனாத் மருத்துவமனை எதிரே இருக்கும் பெரிய நிறுத்தத்தில் சுலபமாகக் கிடைக்கும். சிக்கல் டவுனில் இறங்கும்போதுதான். இறங்கும் தெருவை டாக்சிக்காரர்கள் "பிரீ" என்பார்கள், வரைபடம் லிலியன் ங்கோயி தெரு என்று காட்டும். இரண்டும் ஒன்றுதான், பெயர் மாறிவிட்டது. 2023 ஜூலை 19 அன்று பூமிக்கடியில் வாயு வெடித்துப் பிளந்த தெரு அதுவே. அதன்பின் அந்தப் பக்கம் வண்டிகள் நிற்கும் இடமும் மாறியது. எங்கே இறக்குவார்கள் என்று ஏறும்போதே கேளுங்கள். இறங்கிய இடத்தில் நின்று வரைபடத்தை விரிக்காமல், பக்கத்துக் கடைக்குள் போய் வண்டி கூப்பிடுங்கள். தனியாக வந்தவர்கள், பெரிய கேமரா வைத்திருப்பவர்கள், மாலை நாலுக்கு மேல் கிளம்புபவர்கள் டாக்சி ஆசையை விட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பலாம்.

ஆறாம் நாள், புதன்: லெனேசியா, டால்ஸ்டாய் பண்ணை, மறுபடி விமான நிலையம்

லெனேசியா நகர மையத்திலிருந்து தென்மேற்கே முப்பது கிலோமீட்டரைத் தாண்டி இருக்கிறது. 1950-களில் இந்தியர்களை ஒதுக்கிக் குடியேற்ற உண்டான ஊர். டாக்சிக்காரர்களுக்கு அது "லென்ஸ்". முகவரி வாங்கும்போது எக்ஸ்டென்ஷன் எண்ணைச் சேர்த்தே வாங்குங்கள். அது இல்லாமல் தெருப்பெயர் மட்டும் போட்டால் வண்டி வேறு கோடியில் கொண்டுபோய் நிறுத்தும். கோயில்கள், மளிகை, பன்னி சௌ கடை எல்லாம் இருக்கிறது. முழு ரொட்டியில் கால் பாகத்தை வெட்டி உள்ளே தோண்டிக் குழம்பை ஊற்றித் தருவது பன்னி சௌ. தோண்டி எடுத்த ரொட்டியை மேலே மூடியாக வைப்பார்கள், அதில்தான் தொட்டுச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். ஸ்பூன் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

டால்ஸ்டாய் பண்ணை இன்னும் தள்ளி, லாலிப் பக்கம். 1910-இல் காந்திக்கு அவர் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர். சிறை சென்றவர்களின் குடும்பங்கள் தங்கிய இடம், அவர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. இந்த வாரத்தில் மிகவும் யோசித்துப் போக வேண்டிய இடம் இதுதான். ரோஸ்பேங்கில் ஆப்பைத் திறந்தால் போக வண்டி உடனே வரும். பண்ணையில் நின்று திறந்தால் ஒரு வண்டியும் காட்டாது, காட்டினாலும் வருவதாகச் சொல்லிப் பாதியில் ரத்து செய்வார்கள், காலி வண்டியாக இவ்வளவு தூரம் வர யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே போக, வர, காத்திருக்க என்று அரை நாள் வாடகை பேசுங்கள். உங்கள் விடுதியிடமே கேட்டால் தெரிந்த டிரைவரைச் சொல்வார்கள். பாதிப் பணம் திரும்பி வந்த பிறகு.

மாலை விமானம் என்றால் பெட்டியை விடுதியில் வைத்துவிட்டுப் போய், ஒரு மணிக்குள் ரோஸ்பேங்க் திரும்பிவிடுங்கள். ரயிலில் சாண்ட்டன், அங்கே மாறி விமான நிலையம். கடைசி நிறுத்தத்துக்கு முந்தியது ரோட்ஸ்ஃபீல்ட். பெட்டிகளோடு அவசரப்பட்டு அங்கேயே இறங்கிவிடுபவர்கள் தினமும் உண்டு. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெளியே போகுமுன் முதலில் தொட்ட அதே அட்டையைத் தொடுங்கள்.